புல் முளைத்த மாதத்தில் விற்க வந்த மாடு

நல்ல மாட்டை மலிவாகச் சொன்னால் உடனே போய்விடும் என்று நினைப்பவர்கள் மாடு விற்றதில்லை. நான் விற்றிருக்கிறேன். முதல் தடவை சந்தைக்கு மாட்டோடு போனபோது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு விற்றவர் அப்பா. ஆனாலும் நான்தான் விற்றேன் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேற்கே. இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. முந்தின வருஷம் மழை இல்லை. ஊரில் பாதி மாடு சந்தைக்குப் போனது. எங்களுடையதிலும் ஒன்று போனது. அப்பா விடியற்காலையில் ஓட்டிக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார். கிடைத்தது ஒரு விலையே இல்லை. ஆனால் ஏன் விற்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். தீனி இல்லை, விற்கிறான். அதில் கேட்க என்ன இருக்கிறது.

நான் சொல்கிற வருஷம் மழை பெய்தது. வரப்பெல்லாம் புல். வீட்டில் மிச்சமிருந்தது ஒரு செவலைப் பசு. இரண்டாம் ஈத்து. கன்று போட்டு இரண்டு மாதம். காலையும் மாலையும் சேர்த்து மூன்று படி கறக்கும். அம்மா கை, என் கை, இரண்டுக்குத்தான் பால் விடும். அப்பா உட்கார்ந்தால் நகர்ந்து நிற்கும்.

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து தண்ணீருக்குப் போனாள். கிணற்று மேட்டில் பாசி. குடத்தோடு விழுந்தாள். ரத்தம் நிற்கவில்லை. கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏற்றினார்கள். தருமபுரியில் ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தை கூட இருந்தாள். அப்பா காசு தேட ஊருக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். அத்தையின் வீட்டுக்காரர். வாசலிலேயே நின்று சொன்னார்.

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எரநூத்தம்பது ரூவா கட்டணுமாம். வயித்த அறுக்கணும்ங்கறாங்க. ரத்தம் சேலத்துல இருந்து வரணும். காசு கட்டுனாத்தான் கார் கெளம்பும்.”

அப்பா, “ம்” என்றார்.

அதற்கு முன்பே நாலு வீடு ஏறி இறங்கியிருந்தார். காசு இல்லை என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. விதைப்பு முடிந்த வாரம் அது. ஊரின் காசு எல்லாம் மண்ணுக்குள் இருந்தது. மாமாவிடம் இருந்தது நாற்பது ரூபாய். அதைக் கொடுத்துவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை சந்தை. அதை விட்டால் அடுத்த செவ்வாய்.

கோழி கூப்பிட நானும் அப்பாவும் கிளம்பினோம். அப்பா மாட்டைப் பிடித்தார். நான் கன்றைப் பிடித்தேன். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றால், வாங்க வருபவன் கறந்து காட்டச் சொன்னால் கறக்க ஆள் வேண்டும். போகிற வழியில் அப்பா ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்.

“அம்மா ஆஸ்பத்திரில இருக்கறத அங்க யாருகிட்டயும் சொல்லாத. சொன்னா அடிமாட்டு வெலைக்குக் கேப்பாங்க.”

நான் தலையாட்டினேன். மாதா மேல் ஆணை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சந்தை புளியந்தோப்புக்குள் கூடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே கூட்டம் இருந்தது. உழவுக்கு எருது வாங்க வந்த கூட்டம். கறவை மாடு பத்துப் பன்னிரண்டுதான். அவற்றில் பாதி கிழடு. ஒன்று காம்பு அடைத்தது, ஒன்று ஒற்றைக் கண். எங்கள் செவலை அவற்றின் நடுவில் நின்றது. கல்யாணப்பெண் மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் ஆளே வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது ஒரு பச்சைத் தலைப்பாகைக்காரர். மாட்டைச் சுற்றி வந்தார். வாயைத் திறந்து பல் பார்த்தார். முதுகில் சுழி பார்த்தார். மடியைத் தடவினார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவர் முகம் சுருங்கியது.

“எத்தனாவது ஈத்துங்க?”

“ரெண்டு.”

“எத்தன படி?”

“மூணு.”

“அப்பறம் எதுக்குங்க விக்கறீங்க?”

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவினார்.

தலைப்பாகைக்காரர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார். எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்குள் கையைக் கொடுத்து விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் நூறு, இரண்டு விரல் இருநூறு. சில்லறைக்கு விரலின் கணு. பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. அப்பா ஏதோ விரலைப் பிடித்தார். பச்சைத் தலைப்பாகை அவரை நிமிர்ந்து பார்த்தார். துண்டை உருவிக்கொண்டு போய்விட்டார்.

அதிகம் கேட்டுவிட்டார் அப்பா என்று நினைத்தேன். அது அப்படி இல்லை. அந்த மாடு அந்த மாதத்தில் நானூறுக்குக் குறையாது. அப்பா கேட்டது முந்நூற்று நாற்பது. பஸ்ஸுக்கு நேரம் போதாது என்று குறைத்தே ஆரம்பித்தார்.

அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் தம்பி போல இருந்தார்கள். சின்னவர் என் கழுத்தில் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்தார்.

“வேதக்காரங்களா நீங்க?”

“ஆமாங்க.”

“வேதக்காரங்க பொய் சொல்லக்கூடாதில்ல?”

“சொல்லக்கூடாது.”

“அப்பச் சொல்லுங்க. இதுக்கு என்னா நோவு?”

“நோவு ஒண்ணும் இல்லீங்க.”

“நோவு இல்லாத மாட்ட, புல்லு மொளச்ச மாசத்துல, கன்னோட கொண்டாந்து யாருங்க விப்பாங்க? பைத்தியக்காரனா?”

மூத்தவர் சிரித்தார். “ஒதைக்கும்டா. பாத்தாத் தெரியுது. ஆம்பள கிட்டப் போனா ஒதைக்கும். அதான் பொட்டப்புள்ளயக் கூட்டியாந்திருக்காரு.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன்றை ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டி, கறந்தேன். சொம்பு நிறைந்து நுரை வழிந்தது. மாடு அசையவில்லை. பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். இனிமேல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுந்தேன்.

“ஒரு நாள் முழுக்கக் கறக்காமக் கட்டிவச்சிருந்து கொண்டாந்திருப்பாங்க,” என்றார் மூத்தவர். “நாளைக்கு நம்ம வூட்ல ஆழாக்குக் கறக்காது.”

கூட்டம் கலைந்தது.

அன்றைக்கு நான் பார்த்தது இதுதான். மாட்டில் குறை இருந்திருந்தால் விற்றிருக்கும். பக்கத்தில் நின்ற ஒற்றைக் கண் மாடு வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டது. வாங்கினவர் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். அதன் குறை கண்ணுக்குத் தெரிந்தது. குறைக்குத் தகுந்த விலை கொடுத்தார். எங்கள் மாட்டின் குறையை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அது பெரிய குறையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஒரு தரகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “ஏதாச்சும் ஒரு காரணத்தச் சொல்லுங்களேன்யா. புள்ளைக்குக் காதுகுத்துன்னு சொல்லுங்க. பாகம் பிரிக்கறோம்னு சொல்லுங்க. வாயி இருக்குதில்ல?”

அப்பா பொய் சொல்லமாட்டார். சொல்ல வராது. உண்மையும் சொல்லக்கூடாது. அதனால் மாட்டுக்கு மேலே மரத்தைப் பார்த்தார். பதில் சொல்லாமல் மரத்தைப் பார்க்கிறவனிடம் யார் மாடு வாங்குவார்கள். இப்போது யோசித்தால் நானே வாங்கமாட்டேன்.

வெயில் தலைக்கு வந்தது. தருமபுரி பஸ் இரண்டு மணிக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. அது போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

அப்பா யாரும் செய்யாததைச் செய்தார். துண்டு இல்லாமல், வாயைத் திறந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி விலை சொன்னார்.

“முந்நூறு ரூவா. கன்னோட முந்நூறு. ஓட்டிக்கிட்டுப் போங்க.”

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு எருது பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்தார்.

“திருட்டு மாடா இருக்கப் போவுது. போலீஸ்காரன் வந்து வாங்குனவனப் புடிப்பான்.”

அதுவரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பேரும் போய்விட்டார்கள். எங்களைச் சுற்றி இடம் காலியானது. விலை குறையக் குறைய ஆள் குறைந்தது. அப்பாவின் உதடு காய்ந்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

அடிமாட்டு வியாபாரி ஒருவர் தோப்பின் கடைசியில் கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் அவருக்கு வேலை. விற்காத மாடு எல்லாம் அவரிடம்தான் போகும். அவர் எங்களைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். வா என்று.

அப்பா கொஞ்ச நேரம் நின்றார். கயிற்றை என் கையில் கொடுத்தார்.

“இங்கயே நில்லு. கேட்டுட்டு வந்தர்றேன்.”

கயிறு ஈரமாக இருந்தது. அப்பா நடந்து போவதைப் பார்த்தேன். அவர் பின்னால் போகலாமா என்று மாடு பார்த்தது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். வெள்ளை ஜிப்பா. காதில் கடுக்கன். நெற்றியில் விபூதி. வயதானவர். கையில் பொட்டலம் வைத்திருந்தார். என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். மாட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். பொரியும் கடலையும்.

“எடுத்துக்க கண்ணு. காலைல இருந்து நின்னுக்கிட்டே இருக்கற.”

எடுத்துக்கொண்டேன். நான் ராத்திரியும் சாப்பிடவில்லை.

“ஏன் கண்ணு தல பின்னல? அம்மா பின்னி வுடலியா?”

என்னை அதுவரை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் மாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். தலையைத் தொட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை அம்மா பின்னியது. பாதி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அடிமாட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கக்கூடாது என்று அந்தப் பெரியவரின் காதுப்பக்கம் குனிந்து சொன்னேன்.

“அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. வயித்துல பாப்பா இருக்கு. விழுந்துட்டாங்க. ரத்தம் ஏத்தணும்.”

“அடப் பாவமே. எந்த ஆஸ்பத்திரி?”

“தருமபுரி. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள காசு கட்டணும்.”

“அதுக்குத்தான் மாட்ட விக்கறீங்களா?”

“ம்.”

“மாடு ஒதைக்குமா கண்ணு?”

“ஒதைக்காது. ரெண்டு வேளையும் நான் கறப்பேன்.”

அவர் என் தலையைத் தடவினார். “சரி. இத வேற யாருகிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்.”

அப்பாவும் அதையேதான் சொல்லியிருந்தார். யாரிடமும் சொல்லாதே. நல்லவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அப்பா திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அடிமாட்டுக்காரர் சொன்னது நூற்று நாற்பது. மாமா கொடுத்த நாற்பதைச் சேர்த்தாலும் கட்டவேண்டிய காசு வராது.

பெரியவர் எழுந்து கும்பிட்டார். பல்லைப் பார்க்கவில்லை, சுழியைப் பார்க்கவில்லை, மடியைத் தொடவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. காலையிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். துண்டை விரித்து அப்பாவின் கைமேல் போட்டார்.

நான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். துண்டு அசைந்தது. அப்பா தலையை ஆட்டினார். முடியாது என்று. துண்டு மறுபடியும் அசைந்தது. அப்பா மறுபடியும் தலையை ஆட்டினார். அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. பெரியவருக்கு அவசரம் இல்லை. சூரியனை அண்ணாந்து பார்த்தார். பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்.

“தருமபுரி பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தானுங்களே?”

அப்பா என்னைப் பார்த்தார்.

வாயில் இருந்த பொரியை விழுங்க முடியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா என்னை அதுவரை அடித்ததில்லை. ஆனால் அதுவரை நான் ஆணையை மீறியதும் இல்லை. ஒரு வார்த்தைதான் சொல்லவேண்டாம் என்றார். அதைச் சொல்லிவிட்டேன்.

துண்டு ஒரு தடவை அசைந்தது. அப்பா கண்ணை மூடித் திறந்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

முடிந்துவிட்டது. இருநூற்று அறுபது.

பெரியவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து அங்கேயே கொடுத்தார். ஒரு ரூபாய் கூட நாளைக்கு என்று சொல்லவில்லை. அப்பா எண்ணி வேட்டி முடிச்சில் வைத்தார். எங்கள் வழக்கப்படி மாட்டைத்தான் கொடுப்போம், கயிற்றைக் கொடுக்கமாட்டோம். பெரியவர் தன் கயிற்றைக் கட்டினார். அப்பா எங்கள் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. ரொம்ப நேரம் ஆனது. நான் கன்றின் கயிற்றை அவிழ்த்தேன். செவலை முதலில் நகரவில்லை. பெரியவர் கன்றை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். அப்புறம் அதுவும் பின்னால் போனது.

பஸ் நிற்கும் இடம் தோப்புக்கு எதிரில். புளியமரத்தடியில் நின்றோம். அப்பா எப்போது அடிப்பார் என்று நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் கயிற்றைச் சுருட்டினார். சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

அப்போது தோப்புக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எங்கள் செவலை நடு இடத்தில் நின்றது. சுற்றிலும் ஆள். காலையில் ஓடிப்போனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பச்சைத் தலைப்பாகைக்காரர் இருந்தார். அந்த அண்ணன் தம்பி இருந்தார்கள். வெள்ளை ஜிப்பாக்காரர் நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வரைக்கும் கேட்டது.

“மாட்டுல ஒரு கொறயும் இல்லீங்க! பாவம், அந்த மனுசன் சம்சாரம் தருமபுரி ஆஸ்பத்திரில கெடக்குது! ரத்தம் ஏத்தணும்! புள்ளத்தாச்சி! அதுக்குத்தான் வித்தாரு! அவரு புள்ளயே சொல்லுச்சு!”

“அட, அதச் சொல்லித் தொலைக்கலாமில்ல அந்தாளு!” என்றார் ஒருவர்.

“த்சோ,” என்றார்கள் சிலர். பச்சைத் தலைப்பாகை மடியைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று பேர் ஒரே நேரத்தில் துண்டை எடுத்து நீட்டினார்கள்.

நான் ஒருத்தரிடம் சொன்னதை அவர் எங்கள் அம்மாவுக்காக ஊருக்கே சொல்கிறார். எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, அங்க பாருங்க. அம்மாவப் பத்தி எல்லாருகிட்டயும் சொல்றாரு.”

அப்பா பார்த்தார். கயிறு சுருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த மூன்று துண்டையும் பார்த்தார். ஏதோ சொல்லப்போவது போல வாய் திறந்தது. பஸ் வந்துவிட்டது.

ஜன்னல் ஓரத்தில் என்னை உட்காரவைத்தார். மடியைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். தருமபுரி போகும்வரை கையை எடுக்கவில்லை. அடிக்கவும் இல்லை.

நேரத்துக்குப் போய்விட்டோம். காசு கட்டினோம். கார் போனது. ரத்தம் வந்தது. அம்மா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை என்று அத்தை சொன்னாள்.

நான் மூன்றாவதோடு படிப்பை விட்டவள். கட்டிக்கொண்டு போன இடத்தில் முப்பது வருஷம் மாடு வைத்துப் பால் ஊற்றினேன். வாங்கினேன், விற்றேன். பஞ்சத்தில் விற்பது சுலபம், நல்ல காலத்தில் விற்பது கஷ்டம் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். பஞ்சத்தில் எல்லா மாடும் சந்தைக்கு வரும். நல்லதும் வரும். நல்ல காலத்தில் நல்ல மாட்டை எவனும் கொண்டுவரமாட்டான். கெட்டதுதான் வரும். அந்தக் கூட்டத்தில் தப்பித் தவறி நல்லது ஒன்று வந்தால் அதுவும் கெட்டதாகத்தான் தெரியும். விலையைக் குறைத்தால் சந்தேகம் கூடும். காரணம் தெரிந்தால்தான் சந்தேகம் போகும்.

எங்கள் வீட்டுக் கஷ்டம்தான் அந்தக் காரணம். அப்பா எதை மறைத்தாரோ அதுதான் மாட்டுக்கு நற்சாட்சி. காலையிலேயே அதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் மூன்று துண்டு எங்களிடம் நீண்டிருக்கும். ஒருத்தன் நம் அவசரத்தைப் பார்த்து விலையை அமுக்கினால் இன்னொருத்தன் ஏற்றியிருப்பான். நான் செய்த தப்பு சொன்னது இல்லை. ஒரு காதில் மட்டும் சொன்னது. ஐந்து நிமிஷத்துக்கு அந்தத் தோப்பிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த மாட்டில் குறை இல்லை என்று. அவருக்கு அந்த ஐந்து நிமிஷம் போதும்.

என்ன விலைக்கு விற்றார் என்று எனக்குத் தெரியாது. அது துண்டுக்குள் போனது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கொடுத்த காசில்தான் ரத்தம் வந்தது. அவர் வராவிட்டால் நூற்று நாற்பதுதான்.

அப்போது இதெல்லாம் தெரியாது. இருபது நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கொட்டகை காலியாக இருந்தது. மாடு எப்படி விற்றது என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். ஒருத்தரும் வாங்கவில்லை, ஒரு பெரியவர் வந்தார், பொரி கொடுத்தார், நம் கஷ்டத்தைக் கேட்டார், உடனே வாங்கிக்கொண்டார், உனக்காக எல்லோரிடமும் சொன்னார் என்று. அம்மாவுக்குக் கண் நிறைந்தது.

“புண்ணியவான். அவரு பேரு என்னா?”

எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டாள். அவரும் தெரியாது என்றார்.

“பேரு தெரியாட்டி என்னா. மாதாவுக்குத் தெரியும்,” என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் மாடு வாங்கினவருக்காக அருள் நிறைந்த மரியே ஜெபம் ஒன்று சேர்த்துச் சொன்னோம். வருஷக்கணக்காகச் சொன்னோம். முதல் பாதியை அம்மா சொல்வாள். மறுபாதியை அப்பாவும் நானும் சேர்ந்து சொல்லவேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் அப்பாவின் குரல் வராது. பகலெல்லாம் காட்டில் நின்றவர், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். மாதா கோபித்துக்கொள்ளக்கூடாது என்று அவர் பங்கையும் சேர்த்து நானே சத்தமாகச் சொல்லிவிடுவேன்.